இருபத்து நான்கு தலை

செப்டம்பர் 6, சனிக்கிழமை

குழந்தைகளின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

இனிமேல் போனில் பேச வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்தது நாம் இருவரும்தான். போன தடவை நாம் கத்திக்கொண்டபோது பட்டாணி கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். "அம்மா, போன்ல கத்தினா அப்பாவுக்குக் காது வலிக்குமா, போனுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? அதனால் கடிதம். பிள்ளைகளின் மாற்றுத் துணிப் பையில், பக்கத்து ஜிப்பில் வைத்து அனுப்புகிறேன். பதிலையும் அதிலேயே வையுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் தனித்தனி வீட்டில் இருக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு ஒரு பெரிய கண் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. குழந்தைகளின் கண் பரிசோதனைப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். நவம்பர் பத்தாம் தேதி சேர வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போக உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும், அதுவும் அக்டோபர் முப்பத்தொன்றுக்குள். "கையை வெட்டினாலும் போட மாட்டேன்" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. வெட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை. தாளை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்டோபரோடு ஏரியில் படகு சீசன் முடிகிறது, அதுவரை ஞாயிறுதோறும் பிள்ளைகளை நான் ஓட்டுகிற படகில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டீர்கள். சரி. ஆனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது, தீவில் இறங்கினாலும் கூடாது. பட்டாணி "வரல, வரல" என்றுதான் சொல்வாள், நம்பாதீர்கள், ஏறுவதற்கு முன் பாத்ரூமுக்கு அனுப்புங்கள். பிஸ்கட்டைப் போகும்போது பாதி, வரும்போது பாதி கொடுங்கள். பெரியவன் ஆறு வயதுக்குரிய வீரத்தோடு ஓரத்தில் உட்காருவேன் என்பான், நடு வரிசையில் உட்கார வையுங்கள்.

அப்புறம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளின் அம்மா


செப்டம்பர் 7, ஞாயிறு

பட்டாணியின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் நலம் பையைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, துணி மடிப்பில் ஒரு கோணல் இல்லை.

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. டிக்கெட் அக்காவிடம் பேனா வாங்கி, அவர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து மணிக்கு உன் தங்கை வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்குள் முடிக்க வேண்டும். வெளியே, படகைக் கயிறு கட்டி நிறுத்துகிற நம் கயிற்றுக்காரர் பெரியவனுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கிறார். பட்டாணி அதை அவிழ்க்கக் கற்றுக்கொள்கிறாள்.

இருபது வருடம் படகு ஓட்டியதில் ஒன்று கற்றிருக்கிறேன். ஏறிய இருபதாவது நிமிடம் எந்தக் குழந்தைக்கும் சலிப்பு வந்துவிடும். "எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று முதல் குரல் கேட்டதும், ஏரி நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா மிதக்க விடுவேன். சத்தம் நின்றதும் அத்தனை வாண்டுகளும் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரைப் பார்க்கும். அப்போது மைக்கை எடுத்து, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்பேன். இன்று முதல் கை நம் பட்டாணியுடையது.

"தண்ணிக்குள்ள இன்னொரு படகு தலைகீழா ஒட்டிக்கிட்டு வருதே, அதை யாரு ஓட்டுறா?"

"அதையும் நான்தாம்மா ஓட்டுறேன்."

"தலைகீழாவா? உங்களுக்குத் தலை சுத்தலையா?"

படகே சிரித்தது. நீ படித்தவள், கண்ணைப் பற்றித் தெரிந்தவள். அவளுக்குப் புரியும்படி நீதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேட்டாள்: மீனுக்குத் தாகம் எடுக்குமா? அதுவும் எனக்குத் தெரியாது.

தாளைப் பார்த்தேன். கையெழுத்துப் போடவில்லை. போட எனக்கு மனமில்லை, மறைக்காமல் சொல்கிறேன். என் பிள்ளைகள் ஒரு பகல் தூரத்தில் வளர்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கண்ணாடி போட்டுத்தான் ஓட்டினேன்.

இப்படிக்கு,
பட்டாணியின் அப்பா


செப்டம்பர் 13, சனிக்கிழமை

பட்டாணியின் அப்பாவுக்கு,

முகம் பார்க்கிற கண்ணாடி முன் பட்டாணியை நிறுத்தி, "உள்ள இருக்கிற பட்டாணிக்கு யாரு தலை சீவினா?" என்று கேட்டேன். "அப்போ ஏரி பெரிய கண்ணாடியா? யாரு படுக்க வெச்சா?" என்றாள். ஒரு பதிலுக்கு இரண்டு கேள்வி கிடைத்தது. மீன் விஷயத்தை எங்கள் மருத்துவமனைப் பெரிய டாக்டரிடமே கேட்டேன். ஏரி மீன் தண்ணீர் குடிப்பதே இல்லையாம், தண்ணீர் தானாக அதன் உடம்புக்குள் போய்விடுமாம். நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் கால் மணி நேரம் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பெரியவன் சொன்ன ஒன்று மனதில் நிற்கிறது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறீர்களாமே? உண்மையா? எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன், இது எனக்குத் தெரியாது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் மைக்கில் வாய் ஓயாமல் சொல்வீர்கள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றி வாசலில் வைத்துவிடுவீர்கள். "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்றால் "போச்சு." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

பேசாததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் லைசென்ஸ் புதுப்பிக்கிற கண் பரிசோதனையில் நீங்கள் தவறியதையும், வேறு கடையில் கண்ணாடி செய்துகொண்டதையும், அதை இரண்டு வருடம் படகிலேயே ஒளித்து வைத்ததையும் நான் அந்தக் கடைக்காரர் சொல்லித்தானே தெரிந்துகொண்டேன்? ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்கிறவள் நான். "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப பார்வை எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டபோது என் முகம் எப்படி இருந்திருக்கும்? அன்று போனது உங்கள் பார்வை அல்ல, என் நம்பிக்கை. ஏன் மறைத்தீர்கள் என்று இருபது தடவை கேட்டிருப்பேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரம் பைக்குள் தொப்பி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று ஏரியில் போகும் என்று தெரியும்.

குழந்தைகளின் அம்மா


செப்டம்பர் 21, ஞாயிறு

பட்டாணியின் அம்மாவுக்கு,

போன வாரம் கூட்டம், ஒரு வரிகூட எழுத முடியவில்லை. தொப்பி போனது உண்மைதான். கயிற்றுக்காரர் கொக்கிக் கம்பை விட்டு மீட்டுவிட்டார். இப்போது எல்லாக் குழந்தைகளும் தொப்பியைத் தூக்கிப் போட்டு மீட்கச் சொல்கிறார்கள்.

ஆழம் விஷயம் உண்மை. வெளிர் பச்சை என்றால் இடுப்பளவு, கரும்பச்சை என்றால் இரண்டு ஆள். பழுப்பாக இருந்தால் கீழே சேறு, அங்கே எஞ்சினைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இதை உன்னிடம் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. நாள் முழுவதும் இதே பேச்சு. வீட்டுக்கு வந்தால் வாய் வலிக்கும். அதை விட, நீ எப்போதும் ஏதோ ஒரு வேலையை முடிக்கிற அவசரத்தில் இருப்பாய். இவளுக்கு ஏரிக் கதை எதற்கு என்று இருந்துவிட்டேன். தப்புதான்.

இன்றைய கேள்வி பெரியவனுடையது. எதிரே வந்த படகில் இருந்தவர்கள் கை ஆட்டினார்கள், எங்கள் ஆட்களும் ஆட்டினார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது.

"அப்பா, படகுல போறவங்க மட்டும் ஏன் கை ஆட்டுறாங்க? பஸ்ல போறவங்க ஆட்டுறதே இல்லையே?"

இருபது வருடமாக நானும் கை ஆட்டுகிறேன். ஏன் என்று இன்றுவரை யோசித்ததில்லை. படகில் இருந்த ஒரு வாத்தியாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமே தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்கள் என்பதாலோ என்றார் கயிற்றுக்காரர். நீ என்ன நினைக்கிறாய்?

கண்ணாடிக் கதையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். எழுதுவேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

பட்டாணியின் அப்பா


செப்டம்பர் 27, சனிக்கிழமை

பட்டாணியின் அப்பாவுக்கு,

யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. சோதித்துத்தான் பார்ப்போமே என்று வியாழக்கிழமை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்று, போகிற பஸ்களுக்கெல்லாம் கை ஆட்டினேன். சிரிக்காதீர்கள். முதல் பஸ்ஸில் ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டாவதில் ஒரு பெண் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டினாள். மூன்றாவது பஸ் நின்றேவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறும்மா சீக்கிரம், எவ்வளவு நேரம் நிப்பேன்?" என்கிறார். "இல்லைங்க, சும்மாதான் ஆட்டினேன்" என்றேன். அவர் சொன்னதை எழுத முடியாது. பிறகு வெட்கத்தோடு அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

நான் கண்டுபிடித்தது இதுதான். சாலையில் கையைத் தூக்கினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். நிறுத்து, வா, காப்பாற்று. தண்ணீரில் காரணம் தேவையில்லை போலிருக்கிறது. பெரியவனிடம் சொன்னேன். "அப்ப நாம ஊருக்குப் போனா அங்க யாருக்குக் கை ஆட்டுறது?" என்றான். போகிற ஊரில் ஏரி இல்லை. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

தாள் என்ன ஆயிற்று? கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்காகப் பதினோரு வருடம் இருட்டறையில் நின்று எழுத்துப் பலகையைக் காட்டியிருக்கிறேன். விட மனமில்லை.

குழந்தைகளின் அம்மா


செப்டம்பர் 28, ஞாயிறு

பட்டாணியின் அம்மாவுக்கு,

பஸ் கதையைப் படித்துவிட்டு டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். உனக்கு இப்படியெல்லாம் செய்யத் தோன்றும் என்று எனக்கும் எட்டு வருடமாகத் தெரியாது. கணக்கு சரியாகிவிட்டது.

கண்ணாடிக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் உன்னைக் கூட்டிப்போக மருத்துவமனைக்கு வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு லாரி டிரைவர், என் வயதுதான் இருக்கும். "இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாதுங்க" என்று அவரிடம் சொன்னாய். திட்டவில்லை, அதட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு மெதுவாகச் சொன்னாய். அந்த ஆள் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். பிறகு எனக்கே ஏரியில் வழி காட்ட மிதக்கிற தூரத்துப் போயாக்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது, அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் என்னிடம் பேசிவிடுவாயோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். கண்ணாடி போட்டால் சரியாகிவிடுகிற சின்னக் குறைதான் என்று வேறு கடையில் சொன்ன பிறகும், மறைத்துவிட்டோமே, இனி எப்படிச் சொல்வது என்று அது ஒரு தனிப் பயமாக வளர்ந்துவிட்டது.

இவ்வளவையும் நேரில் சொல்ல எனக்கு வராது. எழுதும்போது வருகிறது, ஏன் என்று தெரியவில்லை.

தாள் என் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

பட்டாணியின் அப்பா


அக்டோபர் 11, சனிக்கிழமை

பட்டாணியின் அப்பாவுக்கு,

போன வாரம் பையில் வெறும் துணி மட்டும் வந்ததற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்துக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த லாரி டிரைவரை எனக்கு நினைவிருக்கிறது. அப்படி மெதுவாகப் பேச எனக்குப் பல வருடம் ஆனது. அதைக் கேட்டு ஒருவர் பயப்படுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அன்று வெளியே பெஞ்சில் நீங்கள் இருந்ததைக்கூட மறந்துவிட்டேன். அன்று போகிற வழியில் ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று உங்களோடு சண்டை போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போதும் சொல்கிறேன், மறைத்தது தப்பு. எந்த விஷயமானாலும் மூன்றாவது ஆள் வாயிலிருந்து எனக்குத் தெரியக் கூடாது. அதைத்தான் நான் தாங்க மாட்டேன். ஆனால் ஏன் என்று இப்போது தெரிகிறது. தெரியாமல் இருந்தபோது இருந்த எரிச்சலில் பாதி போய்விட்டது.

பட்டாணிக்கு லேசாகச் சளி. கூடுதலாக ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். தீவில் ஆமை பார்க்கப் போகிறேன் என்று புதன்கிழமையிலிருந்து குதிக்கிறாள். தாளுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

குழந்தைகளின் அம்மா


அக்டோபர் 12, ஞாயிறு

பட்டாணியின் அம்மாவுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று பட்டாணியைத் தீவில் விட்டுவிட்டுப் படகை எடுத்துவிட்டேன். குழந்தை நலம். ஒரு கீறல்கூட இல்லை. அதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

துறையிலிருந்து கிளம்பும்போதும், தீவிலிருந்து திரும்பும்போதும் தலை எண்ண வேண்டும். அது எங்கள் தொழிலின் முதல் விதி. டிக்கெட் இருபத்திரண்டு, நம் பிள்ளைகள் இரண்டு, மொத்தம் இருபத்து நான்கு. திரும்பும்போது எண்ணினேன், இருபத்து நான்கு தலை சரியாக இருந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். காலைப் படகில் வந்த ஒருவர் பறவை பார்க்கிற ஆர்வத்தில் தீவிலேயே தங்கிவிட்டு எங்கள் படகில் ஏறியிருக்கிறார். அவர் தலையைச் சேர்த்து, நம் குழந்தையின் தலையை விட்டு, எனக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது. முகம் பார்த்து எண்ண வேண்டும். நான் தலையை எண்ணினேன். பெரியவன் என் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். தங்கச்சி கயிற்றுக்காரரோடு இருக்கிறாள் என்று அவன் நினைத்தான், என்னோடு இருக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

ஏரி நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டு, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். இல்லை. அவள் இருக்கிற இடத்தில் ஒரு கேள்வியும் வராமல் இருக்குமா? திரும்பிப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

படகைத் திருப்பியதும் ஓட்டியதும் எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. தீவுத் துறையில் பைனாகுலர் வாடகைக்குக் கொடுக்கிற அம்மாவின் பக்கத்தில், பெஞ்சில், லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா சொன்னார், "உங்க பொண்ணுதானேன்னு விட்டுட்டேன் தம்பி, அடுத்த டிரிப்புல கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்." நான் பட்டாணியை அள்ளிக்கொண்டு அழுதேன். இவள் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏன்பா திரும்பி வந்தீங்க? படகு இன்னும் எவ்வளவு சின்னதாகுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

முதலாளியிடம் நானே போய்ச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பகல் தூரம் என்று உன்னிடம் அழுதேன். பன்னிரண்டு நிமிட தூரத்தில் என் பிள்ளையைக் காக்கத் தெரியாதவன் நான். பிள்ளைகளை உன் கண் எதிரே வைத்துக்கொள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பட்டாணியின் அப்பா


அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

படித்தேன். தாளும் கிடைத்தது. இதைத் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த ஞாயிறு பிள்ளைகள் வரமாட்டார்கள்.


அக்டோபர் 19, ஞாயிறு

பட்டாணியின் அம்மாவுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன், பை வரவில்லையே.

நீ அனுப்பாதது நியாயம். இப்போது எங்கள் துறையில் ஒரு புது முறை வந்திருக்கிறது. திரும்பும்போது தலையை எண்ணுவதில்லை, டிக்கெட்டைக் கையில் வாங்கி, முகத்தைப் பார்த்து, அப்புறம்தான் படகில் ஏற்றுகிறோம். டிக்கெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, ஓட்டுகிறவனின் பிள்ளையானாலும். நான்தான் கேட்டேன், முதலாளி ஒத்துக்கொண்டார். கொஞ்சம் தாமதமாகிறது. ஒரு பெரியவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

இன்று நான்கு டிரிப். நடு ஏரியில் எஞ்சினை அணைத்தேன். மைக்கை எடுத்தேன், ஆனால் எனக்குக் கேட்க வரவில்லை. கயிற்றுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை வைத்துவிட்டேன். பிறகு முன் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பையன் அவனாகவே, "மாமா, ஏரிக்கு யாரு பேரு வெச்சா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். பட்டாணியாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

பெரியவன் பயந்துபோயிருக்கிறானா என்று மட்டும் ஒரு வரி எழுது. தான் பார்த்துக்கொள்ளவில்லையே என்று அவன் நினைத்துவிடக் கூடாது. அது அவன் வேலை அல்ல, என் வேலை. அவனிடம் நான் சொன்னதாகச் சொல்.

பட்டாணியின் அப்பா


அக்டோபர் 25, சனிக்கிழமை

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டுப் பத்து மாதம் ஆகிறது. எழுதிப் பார்த்தேன், கை தடுக்கவில்லை.

பெரியவன் நன்றாக இருக்கிறான். இரண்டு நாள் தங்கையின் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். "நெஜமா அப்பாவே சொன்னாரா?" என்று மூன்று தடவை கேட்டான், பிறகுதான் சட்டையை விட்டான். பட்டாணிக்குப் படகு ஏன் சின்னதாகத் தெரிந்தது என்று படம் போட்டு விளக்கினேன். அது புரிந்துவிட்டது. "ஏன் திரும்பி வந்துச்சு?" என்கிறாள். "உன்னைக் கூப்பிட" என்றேன். "நான் இங்கதானே இருந்தேன்" என்கிறாள். அவளுக்கு அது அவளுடைய தீவு, போனது நீங்கள்.

ஒன்று உங்களிடம் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பையை நான் திறப்பதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். செருப்பைக் கழற்றுவதற்குள் பட்டாணி சொல்லிவிட்டாள். "அம்மா, அப்பா என்னைத் தீவுல விட்டுட்டுப் போயிட்டாங்க, படகு எறும்பு அளவுக்கு ஆயிடுச்சு!" என்று குதிக்கிறாள். அவளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பால் ரொட்டி கொடுத்து உட்கார வைத்தேன். பிறகு சமையலறையில் அந்தப் பை முன்னால் நின்றேன்.

உள்ளே கடிதம் இருப்பது ஜிப் புடைத்திருந்ததில் தெரிந்தது. அதில் ஆமையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் எழுதியிருந்தீர்களானால், மறுநாள் காலை வக்கீலைப் பார்த்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஜிப்பைத் திறந்தேன். மறைத்திருப்பீர்கள் என்றே நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு உரிமை இருக்கிறது.

முதல் வரியிலேயே இருந்தது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். குழந்தைக்காக அழுதேனா, அந்த முதல் வரிக்காக அழுதேனா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு வாரமாக யோசிக்கிறேன். கோபம் போகவில்லை, சீக்கிரம் போகவும் போகாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நாளை கடைசிப் படகு. பிள்ளைகளை அனுப்புகிறேன். இரண்டு பேர் கையிலும் டிக்கெட் கொடுங்கள். மைக்கில் கேள்வி கேளுங்கள். அவள் பதினெட்டு சேர்த்து வைத்திருக்கிறாள்.

நான் வேலைக்குப் போகத்தான் போகிறேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் கடைசிப் பக்கத்தில், 'தந்தை குழந்தைகளுடன் இருக்கும் நாட்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று புரிந்தது. பிள்ளைகளுக்கும் சேர்த்தா தண்டனை கொடுப்பார்கள்?

அதை நானே நிரப்பிவிட்டேன். காற்று தொடங்கிவிட்டால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உங்கள் படகு கரையில் கவிழ்ந்துதானே கிடக்கும்? நீங்களும் வேலையில்லாமல் துறையில்தானே உட்கார்ந்திருப்பீர்கள்? அதனால் அந்தக் கட்டத்தில், 'படகு ஓடாத நாட்கள் அனைத்தும்' என்று எழுதிவிட்டேன். தாளைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் இருந்த அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "இது எத்தனை நாள்மா?" என்றார். "நாலு மாசம் சார்" என்றேன். "அவ்வளவு நாள் எங்க தங்குவார்?" என்றார். "எங்க வீட்டுலதான்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

யோசித்து முடிவெடுங்கள். கடிதம் வேண்டாம். வந்து, வாயால் சொல்லுங்கள்.

நான்